ரேடியேட்டர் மூடி

சித்ரலேகா அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கை வழுக்கிக்கொண்டு போனது. முழங்கைவரைக்கும் கருத்த எண்ணெய். சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பிடித்தாள்.

“வாங்கன்னா வாங்கப்பா. அம்மாவுக்கு மூச்சு விட்டு விட்டு வருது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல எனக்கே உசுரு போயிட்டு வருது. நீங்க என்னடான்னா இங்கன உக்காந்து இரும்பைத் தடவிக்கிட்டு இருக்கீங்க.”

திருஞானசம்பந்தம் எழுந்திருக்கவில்லை. கார் ஷெட் தரையில் சாக்கை விரித்து, அதன்மேல் லேண்ட்மாஸ்டர் காரின் ரேடியேட்டரைப் படுக்கப் போட்டிருந்தார். பக்கத்தில் பற்றவைக்கிற விளக்கு, ஈயக்கம்பி, ஒரு வாளித் தண்ணீர். முன்பக்கம் கழற்றிய கார் பொக்கை வாயோடு அவருக்குப் பின்னால் நின்றது.

“நீ போம்மா. இந்த ஒரு ஓட்டையை அடைச்சுட்டு வாரேன்.”

“முந்தாநேத்துல இருந்து இதைத்தான சொல்லுதீங்க.”

“ஒண்ணை அடைச்சா பக்கத்துல விடுது. நான் என்ன செய்ய?”

அவர் இவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ரேடியேட்டரைப் பார்த்தே சொன்னார். சித்ரலேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே கிடக்கிறவள் யார்? கட்டிய நாளிலிருந்து இவருக்கு இலை போடாமல் தான் ஒரு கவளம் தின்னாதவள். அவள் கண்ணை மூடப்போகிற நேரத்தில் இந்த மனுஷனுக்கு ஒரு அரித்துப்போன ரேடியேட்டர் பெரிதாகப் போய்விட்டது. காலையில் அம்மாவைப் பார்க்க வந்த எதிர்வீட்டு அம்மாள் வாசல்படியில் நின்று, வாய் கூசாமல் சொல்லிவிட்டுத்தான் போனாள்: “பொண்டாட்டி கெடக்க கெடையில இவுக காருக்கு வைத்தியம் பாக்காகளே.” சித்ரலேகாவுக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“இப்ப எந்திரிக்கப் போறீங்களா, இல்ல நான் இந்தச் சனியனைத் தூக்கித் தெருவுல வீசவா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டு, முட்டியில் கையூன்றிப் பைய எழுந்தார். எழுந்த பிறகும் நடக்கவில்லை. அவள்தான் மாட்டைப் பிடித்து வருகிற மாதிரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அம்மா படுத்திருந்த பட்டாசாலைக் கூடத்து வாசலில் ஆவுடை சித்தி நின்றாள். அம்மாவின் தங்கை. வள்ளியூரிலிருந்து வந்து அக்காவின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவள். அப்பாவைக் கண்டதும் கையை நிலையில் குறுக்கே வைத்தாள்.

“ஏட்டி, அத்தானை எதுக்கு இங்கன கூட்டியார? அவுக வேலையை அவுக பாக்கட்டும்.”

“சித்தி, உங்களுக்கும் கிறுக்குப் பிடிச்சிட்டா?”

சித்தியின் கையைத் தள்ளிவிட்டு அப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அம்மா வடிவம்மாள் வாய் திறந்து கிடந்தாள். வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் ஏறிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபோது இருந்த சதைகூட இப்போது இல்லை. மூச்சு ஒன்று வந்தது. பிறகு வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

“அம்மா, அப்பா வந்திருக்காக பாரு” என்று சித்ரலேகா அவள் காதில் கத்தினாள். “கண்ணைத் தொற. அப்பா வந்தாச்சு.”

அப்பாவின் கையை எடுத்து அம்மாவின் கைமேல் வைத்தாள். எண்ணெய்க் கை. மெதுவாக அம்மாவின் இமை பிரிந்தது. விலா எலும்பு தூக்கி இறங்கியது. மறுபடி தூக்கியது. மூச்சு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைத் தேடிப் பிடித்த கண் அதைவிட்டு நகரவில்லை. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறதுபோலக்கூட இருந்தது.

“பாத்தீங்களா சித்தி” என்றாள் சித்ரலேகா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போன உயிரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டவள்போல நின்றாள்.

சித்தி கால்மாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வடிவம்மாள் உதட்டை நனைத்துக்கொண்டு புருஷனிடம் கேட்டாள். “ஒழுக்கு நின்னுட்டா?”

“இன்னும் நிக்கல.”

“மஞ்சப்பொடி போட்டுப் பாத்தியளா?”

“இல்ல.”

“பெறகு இங்கன நின்னா எப்படி? போங்க.”

அவர் கையை உருவிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். மஞ்சள்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஷெட்டுக்குப் போய்விட்டார். சாகப்போகிற நேரத்தில்கூட இவளுக்கு அந்தக் காரைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை என்று சித்ரலேகா நினைத்தாள்.

காருக்கும் அம்மாவுக்கும் உள்ள உறவு அப்படித்தான். கோடகன் கால்வாய் பாய்ந்த வயல்கள் எல்லாம் குடும்பத்துக்கு இருந்த காலத்தில் தாத்தா வாங்கிய வண்டி அது. வயல் போயிற்று, வண்டி மட்டும் நின்றது. சித்ரலேகாவும் தம்பி சங்கரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதில்தான் திருச்செந்தூருக்குப் போவார்கள். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிவிடும். அப்பா புளியமரத்தடியில் ஓரம் கட்டுவார். சாக்கைப் போட்டு மூடியைத் திறப்பார். அம்மா சேலை முந்தானையில் அந்தச் சுடுகிற மூடியை வாங்கிக்கொண்டு அவருக்கு இடப்பக்கமாக நிற்பாள். இன்னொரு கையில் மஞ்சள்பொடிப் பொட்டலம். ஒழுக்கு இருந்தால் மஞ்சள்பொடி போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று யாரோ லாரிக்காரன் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா குடத்துத் தண்ணீரை ஊற்றி முடித்துவிட்டு, திரும்பிப் பாராமல் இடது கையை நீட்டுவார். அந்தக் கையில் மூடி வந்து உட்காரும். பின்சீட்டில் இருந்து பிள்ளைகள் இரண்டும் முறுக்கைக் கடித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வண்டி ஓடாமல் நின்றே நாலைந்து வருஷம் ஆயிற்று. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்தான் அப்பா ஷெட்டுக் கதவைத் திறந்தார். வண்ணாரப்பேட்டையில் ரேடியேட்டர் வேலை பார்க்கிற மணிராஜை வரச்சொல்லிக் காட்டினார். அவன் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்கூடு பூராவும் அரிச்சுப்போச்சு அண்ணாச்சி. பத்தவச்சு மாளாது. வேற கூடு கோயமுத்தூர்ல இருந்து வரணும், சொல்லட்டா?” என்று கேட்டான். “வேண்டாம்லே, நானே பாத்துக்கிடுதேன்” என்று அவனை அனுப்பிவிட்டார். பெட்ரோலும் பேட்டரியும் வாங்கிவரச் சொல்லிவிட்டு அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

சித்ரலேகா அப்பாவை இழுத்துக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் வலி தொடங்கியது.

அதுவரைக்கும் வடிவம்மாளுக்கு வலி இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு நாளாக அவள் வலிக்கும் எட்டாத ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயிருந்து அவளை இழுத்துக்கொண்டு வந்தாயிற்று. வந்தவளுக்கு உடம்பு முழுக்கத் திரும்பக் கிடைத்துவிட்டது, வலியோடு சேர்த்து. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை நாக்குக்கடியில் விட்டார்கள். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டார்கள். தலையணை ஓரத்தைக் கடித்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்த கை நகம் பிய்ந்தது. கத்துவதற்குச் சக்தியில்லாததால் நாய்க்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து விடாமல் வந்துகொண்டே இருந்தது. விடியும்வரை வந்தது. நடுவில் ஒரு தடவை சித்ரலேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஏட்டி, நான் இன்னும் போகலையா?”

சித்ரலேகா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஷெட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம் எப்போதாவது கேட்டது. அவரும் தூங்கவில்லை.

காலையில் சித்ரலேகா அடுக்களையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது ஆவுடை சித்தி வந்து கதவைச் சாத்தினாள்.

“உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிருக்கா. சொல்லாம இருந்து நேத்து பட்டது போதும்.”

“என்னது சித்தி?”

“எங்க அப்பா சாகும்போது எப்படி இழுத்துக்கிட்டுக் கெடந்தாகன்னு உனக்குத் தெரியாது. நீ பொறக்கல. எங்க அம்மை கையை விடவே இல்ல. உசுரு போகப் போக, அவ ‘என்னங்க என்னங்க’ன்னு கூப்பிடுவா, திரும்ப வந்துரும். மாசக்கணக்கா அதே பாடு. புழு வச்சுப்போச்சு உடம்பு. கடைசியில ஊர்ல உள்ள பெரிய ஆளுக வந்து எங்க அம்மையைப் பத்தமடைக்கு எங்க மாமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. அவ தெரு முக்கு தாண்டல, இங்கன அவுக போயிட்டாக. நானும் அக்காவும் கட்டில் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தோம்.”

சித்ரலேகா பால் பொங்குவதைப் பார்த்தாள். அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. சித்திதான் அணைத்தாள்.

“ஆசை வச்ச ஆளு கண்ணு முன்னால நின்னா உசுரு பிரியாதுட்டி. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே அக்கா அத்தான்கிட்டச் சொல்லிட்டா. ‘நீங்க எம் பக்கத்துல இருக்கப்பிடாது. இருந்தியன்னா எனக்குப் போக மனசு வராது. போயி அந்த ரேடியேட்டரைப் பாருங்க’ன்னு. அவுக மாட்டேன்னாக. தலையில அடிச்சுக்கிட்டாக. இவ விடல. முடியாத வேலையாப் பாத்துக் குடுத்திருக்கா பாத்துக்கோ.”

சித்ரலேகா மதுரையில் வங்கியில் வேலை பார்க்கிறவள். நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கிறவள் இல்லை. இப்படி ஒன்றைப் பக்கத்து நாற்காலிக்காரி சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் நேற்று மத்தியானம் நின்ற மூச்சு திரும்ப வந்ததைத் தன் கண்ணால் பார்த்தாளே. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாளே. ராத்திரி முழுக்கக் கேட்ட அந்த முனகலுக்கு யார் காரணம்? அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சித்தி தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“நான் இழுத்தேன் சித்தி. வரமாட்டேன்னாக. நான்தான் இழுத்தேன்.”

“நீ என்னட்டி கண்ட?”

பிறகு அவள் ஜன்னலுக்குப் போய் அப்பாவைப் பார்த்தாள். ரேடியேட்டரை மறுபடியும் காரில் மாட்டிவிட்டார். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கீழே சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை அதில் இருந்தது. தலை மட்டும் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. இத்தனை நாளும் அந்தத் தலை அப்படித்தான் சாய்ந்திருந்தது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனுஷன் காதால் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சனியன் அது இது என்று பேசியதை நினைத்தால் நாக்கை அறுத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. இனி அவரைக் கூப்பிடுவதில்லை, யார் என்ன சொன்னாலும் சரி என்று முடிவு செய்தாள்.

பதினோரு மணிக்கு மேல் வடிவம்மாளின் முனகல் நின்றது. கைகால் சில்லிட்டுப்போனது. மூச்சு மறுபடியும் விட்டு விட்டு வரத் தொடங்கியது. சங்கர் புனேயிலிருந்து கிளம்பிவிட்டான், சாயங்காலம் தூத்துக்குடியில் இறங்குவான் என்று சேதி வந்தது. சித்தி ஒரு செம்பில் ஆற்றுத் தண்ணீரை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள்.

“இந்தத் தடவை போயிருவா” என்றாள், பிரார்த்தனை செய்கிற குரலில்.

அப்போது அம்மா கண்ணைத் திறந்தாள். மஞ்சள் பாய்ந்த கண். ஆனால் தெளிந்த கண். கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள்.

“அவுக எங்கட்டி?”

சித்ரலேகா சித்தியைப் பார்த்தாள்.

“வரச் சொல்லு” என்றாள் அம்மா. “ஒரு தடவை பாத்துக்கிடுதேன்.”

“அக்கா, நீதான அவுகளை வரக்கூடாதுன்னு...” என்று சித்தி ஆரம்பித்தாள். அம்மா தலையை அசைத்தாள். ஆமாம், நான்தான் சொன்னேன், அதனால் என்ன என்கிற மாதிரி.

“பாக்கணும்போல இருக்கு. கூப்பிடுட்டி.”

சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “என்னைப் பாக்காத. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

சித்ரலேகா எழுந்தாள். பட்டாசாலையைத் தாண்டி ஷெட்டுக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தை அவள் பையப் பைய நடந்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவார். ஓடிவருவார். அம்மா ஆசை தீரப் பார்ப்பாள். பிறகு நேற்று ராத்திரி மறுபடியும் வரும். நாளைக்கும் வரலாம். கூப்பிடாவிட்டால், கடைசியாக ஒரு முகத்தைப் பார்க்கக் கேட்டவள் அதைப் பார்க்காமல் போவாள். இரண்டில் எது பாவம்? யாரிடம் கேட்பது? அம்மாவிடமே கேட்கலாமென்றால், எந்த அம்மாவிடம்? அன்றைக்கு வேண்டாம் என்றவளிடமா, இன்றைக்கு வேண்டும் என்கிறவளிடமா?

அவள் ஷெட்டு வாசலுக்கு வருமுன்னே அப்பா எழுந்து நின்றிருந்தார். கையில் கந்தல் துணி. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வா என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்தத் துணியைப் போட்டுவிட்டு வரக் காத்திருந்தார்.

“என்னம்மா?”

அவள் அந்தக் கந்தல் துணியைப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு வண்டிச் சத்தம் கேக்கணுமாம்ப்பா.”

“வண்டிச் சத்தமா?”

“ஆமா. ஓடுதான்னு கேக்கணுமாம்.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குடத்தை எடுத்தார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார். மட்கார்டின் மேல் இருந்த மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டார். மூடியைத் திருகினார். முன்பக்கத் துவாரத்தில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். இருமியது, நின்றது. எழுபதைத் தாண்டிய மனுஷன் காலை அகட்டி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, மறுபடி மறுபடி சுற்றினார். நெற்றி நரம்பு புடைத்தது. சித்ரலேகா கைகொடுக்கப் போனாள். “வேண்டாம், நீ அவகிட்டப் போ” என்றார்.

அவள் உள்ளே ஓடி வந்தாள். அம்மாவின் கண் வாசலிலேயே இருந்தது.

“வாராகளா?”

அந்த நேரத்தில் வண்டி பிடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பழைய காலத்து இன்ஜின் கடகடவென்று வீடு முழுக்க நிறைந்தது.

“வாராகம்மா” என்றாள் சித்ரலேகா. “வண்டி எடுத்துக்கிட்டு வாராக.”

வடிவம்மாள் கேட்டாள். திருச்செந்தூர் போகிற நாட்களில் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் சாப்பாட்டுக் கூடையையும் வாசலில் நிறுத்திவிட்டு, ஷெட்டுக்குள் வண்டி கிளம்புகிறதா என்று காதைக் கொடுத்து நிற்பாளே, அந்த முகம். விரல்கள் நெஞ்சுமேல் கிடந்த போர்வையின் ஓரத்தைத் தேடிச் சுருட்டிப் பிடித்தன. சித்தி உதட்டில் தண்ணீரை விட்டாள். ஒரு வாய் இறங்கியது. இரண்டாவது வாய் கடைவாயில் வழிந்தது.

போர்வையைப் பிடித்த விரல்கள் அப்படியே இருந்தன.

சித்தி மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் வீடே அதிர ஒரு சத்தம் எழும்பும். அது எழும்பவில்லை. எழும்பினால் வெளியே கேட்டுவிடும்.

“போயிச் சொல்லு” என்றாள் சித்தி.

“நீங்க போங்க.”

“என்னால முடியாதுட்டி.”

இரண்டு பேரும் போகவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நேரமாக ஆகச் சத்தம் மாறியது. கொதிக்கிற வாடை ஜன்னல் வழியாக வந்தது, மஞ்சளும் சூட்டு இரும்பும் சேர்ந்த வாடை. வெள்ளையாக ஆவி ஷெட்டுக் கூரை இடுக்கில் புகைந்தது. நிறுத்தச் சொல்லி யாராவது வருவார்கள் என்று அவர் காத்திருக்கிறார், அல்லது யாரும் வந்துவிடக் கூடாது என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். எதுவென்று சித்ரலேகாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

பிறகு வண்டி ஷெட்டைவிட்டுக் கொஞ்சம் உருண்டு வந்து நின்றது.

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. சோப்புப் போட்டு அவர் கை கழுவுகிறார். ரொம்ப நேரம் கழுவினார். உள்ளே வந்தபோது கை முழங்கைவரை வெள்ளையாக இருந்தது, நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இனி யாரும் அவரைத் தடுக்க வேண்டியதில்லை. வடிவம்மாளின் இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் அழவில்லை. சித்திதான் அப்போது தொண்டையைத் திறந்தாள்.

தெருவுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு அம்மாள் முதல் ஆளாக வந்தாள். சங்கர் வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்று யாரோ ஐஸ் பெட்டிக்குச் சொன்னார்கள். பெட்டி வண்டி வந்து வாசலில் நின்றது. கேட்டுக்குள் நுழைய முடியவில்லை. ஷெட்டிலிருந்து முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு லேண்ட்மாஸ்டர் வழியை அடைத்திருந்தது.

“தள்ளிருவோமா?” என்று வந்த ஆட்கள் கேட்டார்கள்.

“யாரும் தொட வேண்டாம்” என்றார் திருஞானசம்பந்தம். “நானே எடுக்கேன்.” எழுந்து போனார்.

உள்ளே ஆவுடை சித்தி அடுக்களையை உருட்டிக்கொண்டிருந்தாள். “மஞ்சப்பொடியைக் காணலையே. பெட்டியில வைக்க முந்தி மூஞ்சி கையில மஞ்சள் பூசணும்லா. சுமங்கலியாப் போயிருக்கா.”

டப்பா எங்கே இருக்கிறது என்று சித்ரலேகாவுக்குத் தெரியும். ஷெட்டுக்குப் போனாள்.

அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ரேடியேட்டரின் முன்பக்கம் முழுக்க மஞ்சள் தண்ணீர் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. தரையிலும் மஞ்சள். அவர் வேட்டியிலும் தெறித்திருந்தது. மூடியைக் கழற்றி மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, குடத்திலிருந்து பையப் பைய ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் போய் நின்று அவள் டப்பாவை எடுத்தாள். பாதிக்கும் கீழேதான் இருந்தது. முகத்துக்கும் கைக்கும் போதும்.

“சித்ரா.”

“என்னப்பா?”

“வண்டிச் சத்தந்தான் கேட்டாளா?”

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

“ஆமாப்பா.”

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

“இல்லப்பா. வண்டியைத்தான் கேட்டா. கேட்டுக்கிட்டே போயிட்டா.”

அவர் தலையை ஆட்டினார். “சொன்ன சொல்லுல நின்னுட்டா” என்றார். குடத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்து, “நான்தான் ரெண்டு மூணு தரம் எந்திரிச்சுட்டேன்” என்றார்.

சித்ரலேகா டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டாப்பா, உங்களைத்தான் கேட்டா, நான்தான் கூப்பிடல. சொன்னால் தன் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும். அது போய் அவர் நெஞ்சில் உட்காரும். அவள் சொல்லவில்லை.

தண்ணீர் வாய்வரை வந்து நின்றது. அதில் மஞ்சள் சுழன்றது. அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அதையே பார்த்தபடி, திரும்பாமல், இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

அந்தக் கை அப்படியே நின்றது.

சித்ரலேகா டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். முந்தானையால் மட்கார்டின் மேலிருந்த மூடியை எடுத்து அவர் கையில் வைத்தாள். சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.